தானாக மறையும் கட்டிக்கு மருந்து எதற்கு?

அக்கா மகளுக்கு மூன்று வாரம் ஆனபோது வலது மேல் இமையில் நகம் கீறியதுபோல ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. தன் நகத்தாலேயே கீறிக்கொண்டாள் என்று அம்மா கைக்கு உறை மாட்டிவிட்டார். முதுகிலும் ஒரு வெளிறிய வட்டம் இருந்தது, அதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஏழாவது வாரம் நான் ஊருக்குப் போனபோது இமையில் இருந்த கோடு கோவைப்பழ நிறத்தில் மேடாகியிருந்தது. முதுகில் இருந்தது அதைவிடப் பெரியது, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு.

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. "உங்க சித்தப்பாவுக்கு நெத்தியில இருந்துச்சு, இப்ப எங்க இருக்கு?" என்றார் அம்மா. மாமாவின் நண்பர் தன் பையனுக்கு லேசர் வைத்ததாகவும் அதைத்தான் செய்ய வேண்டும் என்றும் போனில் அடித்துச் சொன்னார். முதலில் பார்த்த டாக்டர் ஒரு வயது வரை பொறுக்கச் சொன்னார். இரண்டாவது டாக்டர் புரோப்ரனோலால் எழுதிக் கொடுத்தார். மெடிக்கல் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது பி.பி. மாத்திரை ஆச்சே சார், கைக்குழந்தைக்கா?" என்று கேட்டதும் மாமா மருந்து வாங்காமலே திரும்பிவிட்டார்.

நான் டாக்டர் இல்லை, கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவன். அக்கா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "தானா மறையுற கட்டின்னு எல்லாரும் சொல்றாங்க. அப்புறம் மருந்து எதுக்குடா?" அன்று உருப்படியாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிறகு படித்ததையும், அந்த வீட்டில் பக்கத்தில் இருந்து பார்த்ததையும் வைத்து, கைக்குழந்தைகளுக்கு வரும் இந்த ரத்தக்குழாய்க் கட்டியைப் பற்றி எழுதுகிறேன். உங்கள் குழந்தைக்கு எது சரி என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும். அவரிடம் என்ன கேட்பது என்பதற்கு இது உதவலாம்.

எல்லாச் சிவப்பும் ஒன்றல்ல

மாமாவின் நண்பர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அவர் பையனுக்கு இருந்தது வேறு. பிறந்த அன்றே முழு அளவில் தட்டையாக இருந்த சிவப்புத் திட்டு அது, முகத்தின் ஒரு பாதியில் ஒயின் கொட்டினாற்போல. அது கட்டியே இல்லை, தவறாக அமைந்துபோன நுண் ரத்தக்குழாய்களின் கூட்டம். அதில் செல்கள் பெருகுவதில்லை. குழந்தை வளர வளர அதே விகிதத்தில் திட்டும் வளரும், தானாகப் போகாது. பெரும்பாலானவற்றில் ஜிஎன்ஏகியூ என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒரு சிறு மாற்றம்தான் காரணம் என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். அதற்கு முதல் தேர்வு லேசர்தான்.

இந்த வேறுபாட்டை 1982இல் தெளிவாக வகுத்தவர்கள் பாஸ்டனில் இருந்த ஜான் முல்லிக்கனும் ஜூலி குளோவாக்கியும். ஒரு பக்கம், செல்கள் பெருகி வளர்ந்து பிறகு சுருங்கும் கட்டிகள். மறுபக்கம், பெருகாத, சுருங்காத, அமைப்புக் கோளாறுகள். அதற்கு முன்னால் இரண்டையும் ஒரே பெயரில் குழப்பி, ஒன்றுக்கான வைத்தியத்தை மற்றொன்றுக்குச் செய்துகொண்டிருந்தார்கள். நம் குடும்பங்களில் இன்றும் அதுதான் நடக்கிறது.

அக்கா மகளுக்கு இருந்தது முதல் வகை: குழந்தைப் பருவ ஹெமாஞ்சியோமா. நிறத்தைப் பார்த்து ஸ்ட்ராபெர்ரி மச்சம் என்பார்கள். குழந்தைகளுக்கு வரும் கட்டிகளில் இதுதான் மிக அதிகம், நூற்றுக்கு நான்கைந்து குழந்தைகளுக்கு வருகிறது. புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. பெண் குழந்தைகள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், எடை குறைந்தவர்கள், இரட்டையர்கள் ஆகியோரிடம் அதிகம். அடையாளம் இதுதான்: பிறக்கும்போது இருக்காது, அல்லது வெளிறிய திட்டாக, கீறலாக, சின்னக் கன்றலாக மட்டும் இருக்கும். சில வாரங்களில் பொங்கும்.

பிறக்கும்போதே முழுதாக வளர்ந்த கட்டியாக இருந்தால் அது வேறு இனம். அதில் ஒரு வகை ஓராண்டு வாக்கில் வேகமாகச் சுருங்கிவிடும், இன்னொன்று கடைசி வரை போகாது. ஊதா நிறத்தில், கெட்டியாக, சுற்றிலும் ரத்தம் கட்டியதுபோல் வீங்கும் கட்டி ஒன்று உண்டு. அது ரத்தத் தட்டணுக்களை விழுங்கித் தீர்த்துவிடும். அதற்கு அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இந்தக் கட்டுரையின் ஒப்பீடு அவற்றுக்குப் பொருந்தாது.

கட்டிக்குள் ஓடும் கடிகாரம்

இந்தக் கட்டியின் உயிரியல் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. கட்டி என்றால் கட்டுப்பாடில்லாமல் வளர்வது என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். இதுவோ வளர்கிறது, நிற்கிறது, கலைகிறது. யாரும் சொல்லாமலே, ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளிடமும் அதே வரிசையில்.

2000ஆம் ஆண்டில் பவுலா நார்த் என்ற நோயியல் ஆய்வாளரும் அவர் குழுவும் ஒரு நல்ல துப்பைக் கொடுத்தார்கள். குளுக்கோஸைச் செல்லுக்குள் கொண்டுபோகும் குளுட்-1 என்ற புரதம் இந்தக் கட்டியின் ரத்தக்குழாய்ச் செல்களில் எல்லாக் கட்டத்திலும் இருக்கிறது. வளரும்போதும் இருக்கிறது, சுருங்கும்போதும் இருக்கிறது. சாதாரணத் தோலின் ரத்தக்குழாய்களில் அது இல்லை. நான் மேலே சொன்ன அமைப்புக் கோளாறுகளிலும் இல்லை. சந்தேகம் வந்து சதைத்துணுக்கு எடுத்துப் பார்க்க நேர்ந்தால் இன்றும் இதைத்தான் தேடுகிறார்கள். அதே குளுட்-1 நஞ்சுக்கொடியின் குழாய்களில் உண்டு. நஞ்சுக்கொடிக்கே உரிய வேறு சில அடையாளப் புரதங்களும் இந்தக் கட்டியில் இருப்பதாகப் பிறகு தெரிந்தது. அங்கிருந்து செல்கள் குழந்தையின் தோலுக்கு வந்து குடியேறினவா, இல்லை ஒரு தண்டுசெல் (பல வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச்செல்) அதே நிரலை இங்கே ஓட்டுகிறதா என்ற வாதம் இன்னும் தீரவில்லை.

கருவில் ஆக்சிஜன் குறைந்த இடத்தில்தான் இது தொடங்குகிறது என்பது இன்னொரு விளக்கம். ஆக்சிஜன் குறைந்தால் செல்கள் "குழாய் போடு" என்று அனுப்பும் விஇஜிஎஃப் என்ற சமிக்ஞையும், அதோடு குளுட்-1உம் கூடும். குறைமாதம், குறைந்த எடை, நஞ்சுக்கொடிச் சிக்கல் எல்லாம் ஆபத்துக் காரணிகளாக இருப்பதற்கு இது ஒத்துப்போகிறது. கிரகணத்தன்று வெளியே போனதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அக்கா மாமியாரிடம் இதை நான் இரண்டு தடவை சொல்லவேண்டி வந்தது.

முடிவெடுக்க மிக உதவியது 2008இல் பாஸ்டனில் ஜாய்ஸ் பிஷாஃப் குழு செய்த ஆய்வு. கட்டியிலிருந்து தண்டுசெல்களைப் பிரித்து எலிகளுக்குள் வைத்தார்கள். அவை முதலில் குளுட்-1 கொண்ட ரத்தக்குழாய்களாக மாறின. பின்னர் அங்கே கொழுப்புச் செல்கள் வந்தன. குழந்தையின் தோலில் நடப்பதும் அதுதான். குழாய்ச் செல்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன, அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் வந்து உட்காருகின்றன.

அப்படியென்றால் "மறைகிறது" என்பது சரியான சொல் இல்லை. கட்டி வேறொன்றாக மாறுகிறது. சிவப்புப் போய்விடும், ஆனால் எவ்வளவு பெரிதாக வளர்ந்ததோ அதற்கேற்பத் தளர்ந்த தோலோ, கொழுகொழுவென்ற சதையோ, மெல்லிய ரத்தக்குழாய்க் கோடுகளோ மிஞ்சலாம். சிறப்பு மருத்துவமனைகளுக்கு வந்த, வைத்தியம் செய்யாத குழந்தைகளில் சுமார் பாதிப் பேருக்குக் கண்ணுக்குத் தெரியும் தடம் எஞ்சியது. எல்லாக் குழந்தைகளையும் சேர்த்தால் இது குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் சின்னக் கட்டிகள் அங்கே போவதே இல்லை.

இனி கடிகாரம். அமெரிக்காவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில், மேல்தோலில் இருக்கும் கட்டிகள் மூன்று மாதத்துக்குள்ளேயே தங்கள் இறுதி அளவில் 80 சதவீதத்தை எட்டிவிட்டன. ஐந்து மாதத்தில் பெரும்பாலானவை வளர்ந்து முடித்துவிட்டன. அந்தக் குழந்தைகள் சிறப்பு மருத்துவரை முதன்முதலில் பார்த்த சராசரி வயதோ ஐந்து மாதம். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு கல்யாணத்துக்குப் போய் நிற்பதுபோல.

2012இல் இன்னொரு ஆய்வில் பெற்றோர் எடுத்த குடும்பப் புகைப்படங்களையே ஆதாரமாக வைத்துப் பார்த்தார்கள். வளர்ச்சி மிக வேகமாக இருந்தது ஐந்தரை வாரத்திலிருந்து ஏழரை வாரம் வரை. அதாவது, கைக்கு உறை மாட்டிக்கொண்டு நாங்கள் காத்திருந்த அதே நாட்கள். தோலுக்கு அடியில் நீலமாகத் தெரியும் ஆழமான கட்டிகள் மட்டும் ஒரு மாதம் பின்னால் தொடங்கி, இன்னும் கொஞ்ச காலம் கூடுதலாக வளரும். சுருங்குவது ஒரு வயதுக்கு முன்பின் தொடங்கும். நான்கு வயதுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

ஆக, "மருந்து வேண்டுமா, பொறுக்கலாமா" என்பதைவிட "இது வளர்ந்து முடிவதற்குள் எனக்கு எவ்வளவு நாள் இருக்கிறது, வளர்ந்தால் இந்த இடத்தில் என்ன கெடும்" என்று கேட்பதுதான் பயனுள்ளது. கீழே உள்ள வழிகளை அப்படித்தான் எடைபோடுகிறேன்.

பொறுத்துப் பார்ப்பது

இந்த வழியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1938இல் வில்லியம் லிஸ்டர் என்ற மருத்துவர், எந்த வைத்தியமும் செய்யாமல் இந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து, கட்டிகள் தாமாகவே சுருங்குகின்றன என்று எழுதினார். அந்தக் காலத்தில் இதற்கு ரேடியம் வைத்துக்கொண்டிருந்தார்கள்! சுவீடனில் 1930க்கும் 1959க்கும் இடையில் கைக்குழந்தையாக இருந்தபோது கதிர்வீச்சு பெற்றவர்களைப் பல ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது அதன் பாதிப்புகள் தெரியவந்தன. தானாகச் சுருங்கும் ஒன்றுக்கு அவசரப்பட்டு ஏதாவது செய்வதன் ஆபத்துக்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம். "தானா போயிடும்" என்ற அம்மாவின் வாக்கும் லிஸ்டர் வழிதான்.

முதுகு, வயிறு, கை, கால் என்று துணி மறைக்கும் இடத்தில் சின்னதாக, புண்ணாகாமல் இருக்கும் கட்டிக்குப் பொறுத்துப் பார்ப்பதே நல்லது. பெரும்பான்மைக் குழந்தைகள் இந்தக் கூட்டத்தில்தான் வருவார்கள்.

ஆனால் பொறுத்துப் பார்ப்பதில் "பார்ப்பது" என்று ஒரு பாதி இருக்கிறது. அதை நாம் விட்டுவிடுகிறோம். வாரம் ஒருமுறை, அதே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு நாணயமோ அளவுகோலோ வைத்துப் போனில் ஒரு படம் எடுங்கள். முதல் மூன்று மாதம் இது கட்டாயம். இரண்டு படத்துக்கு இடையில் கட்டி வேகமாகப் பெருத்தாலோ, நடுவில் சாம்பல் வெள்ளை நிறம் தட்டினாலோ, உடனே காட்ட வேண்டும். அந்த வெள்ளை பல நேரம் கட்டி சுருங்குவதன் அறிகுறி இல்லை, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையிடம் அது புண்ணாகப் போவதன் முன்னறிவிப்பாக இருக்கலாம். சிறப்பு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளில் ஆறில் ஒருவருக்காவது கட்டி புண்ணாகிறது, பெரும்பாலும் நான்கு மாத வயது வாக்கில். உதடு, கழுத்து மடிப்பு, டயபர் உரசும் இடம் ஆகியவற்றில் அதிகம். குழந்தைக்குக் கடுமையான வலி, ஆறினாலும் தழும்பு நிச்சயம். ரத்தம் கசிந்தால் பயப்படாமல் சுத்தமான துணியால் ஐந்து பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

புரோப்ரனோலால்: கடைக்காரர் சொன்ன பி.பி. மாத்திரை

அவர் சொன்னது உண்மைதான். 1960களில் ஜேம்ஸ் பிளாக் இதய நோய்க்காக உருவாக்கிய மருந்து இது. 1988இல் அவர் பெற்ற நோபல் பரிசில் இதற்கும் பங்கு உண்டு. கட்டிக்கு இது கேட்கும் என்று யாரும் திட்டமிட்டுக் கண்டுபிடிக்கவில்லை. பிரான்சின் போர்தோ நகரில் மூக்கில் பெரிய ஹெமாஞ்சியோமா இருந்த ஒரு குழந்தைக்கு அப்போதைய வழக்கப்படி ஸ்டீராய்டு கொடுத்திருந்தார்கள். அதனால் இதயத்தசை தடித்துவிட்டது. அந்த இதயத்துக்காகப் புரோப்ரனோலால் கொடுத்தார்கள். மறுநாளே கட்டி கடுஞ்சிவப்பிலிருந்து ஊதாவுக்கு மாறி மென்மையாகிவிட்டது. கிரிஸ்டீன் லியோத்தே லாப்ரேஸும் சக மருத்துவர்களும் 2008 ஜூனில் இதை ஒரு சின்னக் கடிதமாக வெளியிட்டார்கள். சுமார் நாற்பது ஆண்டு ஸ்டீராய்டு வழக்கம் சில ஆண்டுகளில் கவிழ்ந்தது.

2015இல் அதே குழு 460 குழந்தைகளை வைத்து முறையான சோதனை ஒன்றை வெளியிட்டது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் மருந்து பெற்றவர்களில் 60 சதவீதத்தினருக்குக் கட்டி முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ போனது. வெறும் இனிப்பு நீர்போன்ற போலி மருந்து பெற்றவர்களில் 4 சதவீதம். ஐந்தாம் வாரத்திலேயே மருந்துக் குழுவில் 88 சதவீதத்தினருக்கு முன்னேற்றம் தெரிந்தது. இவ்வளவு இடைவெளியைக் குழந்தை மருத்துவத்தில் அடிக்கடி பார்க்க முடியாது.

எப்படி வேலை செய்கிறது? முதல் ஓரிரு நாளில் குழாய்கள் சுருங்குகின்றன, நிறம் மாறுகிறது. பிறகு விஇஜிஎஃப் போன்ற வளர்ச்சிச் சமிக்ஞைகள் தணிகின்றன. இதுதான் பாடப்புத்தக விளக்கம். இதில் ஒரு சுவையான திருப்பம் இருக்கிறது. நாம் விழுங்கும் புரோப்ரனோலால், வலக்கை இடக்கைபோல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு மூலக்கூறுகளின் கலவை. அதில் ஒன்றுதான் இதயத்துடிப்பைக் குறைக்கிறது. அடுத்தது இதயத்தை ஏறக்குறையத் தொடுவதே இல்லை. ஆனால் எலிகளிலும் ஆய்வுக்கூடத்திலும் கட்டியின் குழாய் வளர்ச்சியைத் தடுத்தது அந்த இரண்டாவதும்தான், சாக்ஸ்-18 என்ற புரதத்தின் வழியாக. இதயத்தைத் தொடாத பாதியை மட்டும் பிரித்து மருந்தாக்க முடிந்தால் கடைக்காரரின் கேள்விக்கே இடமிருக்காது. அது இன்னும் கடைக்கு வரவில்லை.

இப்போதைக்குக் கலவைதான், அதற்கு விலை உண்டு. குழந்தையின் கைகால் சில்லிடும், தூக்கம் கெடும். வீசிங் உள்ள குழந்தைக்கு மூச்சு இறுகலாம். இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கலாம். அதனால்தான் முதல் வேளையும் அளவு கூட்டும் வேளைகளும் கொடுத்த பிறகு இரண்டு மணி நேரம் கண்காணிக்கச் சொல்கிறார்கள். எனக்கு இவற்றைவிடப் பயமாக இருப்பது ரத்தத்தில் சர்க்கரை குறைவது. பட்டினி கிடக்கும்போது கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிடுவதை இந்த மருந்து தடுக்கிறது. படபடப்பு போன்ற எச்சரிக்கை அடையாளங்களையும் மறைத்துவிடுகிறது. ஆகவே பால் குடிக்கும்போதோ குடித்த உடனேயோதான் மருந்து. குழந்தை வாந்தி எடுக்கிறது, பால் மறுக்கிறது, மூச்சு இழுக்கிறது என்றால் அந்த வேளையை விட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். தூங்குகிற குழந்தையை எழுப்பக் கூடாது என்பது நம் வீட்டுச் சட்டம். இந்த ஒரு விஷயத்தில் சட்டத்தை மீறித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். பெரியவர்களுக்கான மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் கொடுக்கச் சொல்வது இங்கே சாதாரணம். அப்போது ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்குத் தவறினால் அளவு பல மடங்காகிவிடும். டாக்டர் முன்னாலேயே ஒருமுறை கரைத்துக் காட்டச் சொல்லுங்கள். அக்கா அப்படித்தான் செய்தாள். ஊசியில்லாத சிரிஞ்சில் எந்தக் கோடு வரை என்று சிவப்பு நெயில்பாலிஷால் குறி வைத்துக்கொண்டாள். எடை கூடக்கூட அந்தக் குறி மேலே ஏறிக்கொண்டே போனது.

ஆறு மாதத்தோடு நிறுத்துவது பலருக்குப் போதாது. சீக்கிரம் நிறுத்தினால் சிலருக்குக் கட்டி மறுபடி தலைதூக்கும். ஒரு வயதைத் தாண்டி நிறுத்தியவர்களிடம் அது குறைவு. குடும்பம் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்: இது ஒரு வாரக் காய்ச்சல் மருந்து இல்லை, நாளுக்கு இரண்டு வேளை, பல மாதங்கள்.

புரோப்ரனோலாலின் தம்பியான அட்டினோலால் மூளைக்குள் அதிகம் நுழைவதில்லை, நுரையீரலையும் குறைவாகவே தொடும். 2021இல் சீனாவில் 377 குழந்தைகளிடம் ஒப்பிட்டபோது பலனில் அது பின்தங்கவில்லை, பக்கவிளைவு குறைவாக இருந்தது. தூக்கம் மிகக் கெடும் குழந்தைக்கு இதைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம்.

சொட்டு மருந்து, ஸ்டீராய்டு, லேசர், கத்தி

டிமோலால் கண்ணில் விடும் சொட்டு மருந்து, கண் அழுத்தத்துக்கானது. அதன் 0.5 சதவீதக் கரைசலை மெல்லிய கட்டியின்மேல் நாளுக்கு இரண்டு முறை ஒரு சொட்டு தடவுகிறார்கள். விழுங்க வேண்டாம் என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு இதில் பாதி நம்பிக்கைதான். தோலுக்குள் ஆழமாக இறங்காது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடம் வளரும் கட்டிகளில் சோதித்து 2021இல் வெளியான ஓர் ஆய்வில், 24 வாரம் கழித்து கட்டி முற்றிலும் மறைந்தவர்கள் எண்ணிக்கையில் போலி மருந்தோடு ஒப்பிடத் தெளிவான வித்தியாசம் இல்லை. மெல்லியதாக, தட்டையாக, ஆபத்தில்லாத இடத்தில் இருப்பதற்கு, அதுவும் எதுவும் செய்யாமல் இருக்க மனம் வராத பெற்றோருக்கு, இது ஒரு நடுவழி. புண்ணான இடத்திலோ உதட்டிலோ தடவினால் ரத்தத்தில் கலந்துவிடும், குறைமாதக் குழந்தைக்கு அது லேசான விஷயம் இல்லை. வெளியே தடவுகிற மருந்துதானே என்று டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

ஸ்டீராய்டு 2008 வரை அரசன். இன்று பீட்டா பிளாக்கர் எனப்படும் புரோப்ரனோலால் வகை மருந்து கொடுக்க முடியாத குழந்தைக்கு மட்டும். முகம் உப்பும், வளர்ச்சி தாழும், நோய் எதிர்ப்பு குறையும். அதிக அளவில் கொடுக்கும்போது ரோட்டா, தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசி மருந்துகளைத் தள்ளிப்போட வேண்டிவரும். கைக்குழந்தையின் முதல் ஆண்டு முழுக்கத் தடுப்பூசி அட்டைதான். புரோப்ரனோலாலுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

லேசருக்கு வருவோம். இதற்குப் பயன்படும் 595 நானோமீட்டர் லேசர் ரத்தச் சிவப்பில் உறிஞ்சப்பட்டுக் குழாயைச் சுடுகிறது. ஆனால் தோலுக்குள் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் போகும். ஒயின் திட்டு மெல்லியது, அதற்குப் போதும். கட்டி அரை சென்டிமீட்டர் தடிப்பு என்றால் மேலே மட்டும் வெளுத்து, கீழே அது பாட்டுக்கு வளரும். வளரும் பருவத்தில் சுட்டால் புண்ணாகும் அபாயமும் இருக்கிறது. லேசரின் இடம் கடைசியில்: நான்கு வயதுக்குப் பிறகு எஞ்சிய ரத்தக்குழாய்க் கோடுகளை அழிக்க அதைவிட நல்ல வழி இல்லை.

அறுவை சிகிச்சையும் பெரும்பாலும் அப்படித்தான். ரத்தம் நிறைந்த கட்டியை, கைக்குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து, அவசரப்பட்டு வெட்டக் காரணம் வேண்டும். கொழுப்பாகிச் சுருங்கிய பிறகு வெட்டினால் ரத்தமும் குறைவு, தழும்பும் சின்னது. பள்ளிக்குப் போகுமுன், மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள், மூக்கு நுனியிலோ உதட்டிலோ மிஞ்சிய சதையைச் சீராக்குவதற்கு இது ஏற்ற வழி. மருந்து கேட்காத, கண்ணை மூடிவிட்ட கட்டி என்றால் மட்டும் முன்னதாக.

இடம்தான் முடிவு செய்கிறது

ஒரு சின்னக் கட்டி முதுகில் இருந்தால் பொறுக்கலாம் என்று சொல்லும் அதே மருத்துவர், அதே அளவு கட்டி இமையில் இருந்தால் அன்றே மருந்து தொடங்குவார். இது முரண்பாடு இல்லை. மேல் இமைக் கட்டி கருவிழியை அழுத்தி அதன் வளைவை மாற்றும், அல்லது பார்வையை மறைக்கும். கண் பார்க்கக் கற்றுக்கொள்வது மூளையில், அதுவும் முதல் சில மாதங்களில். தெளிவான படம் வராத கண்ணை மூளை ஒதுக்கிவிடும். மூன்று வயதில் கட்டி கரைந்து, இமை அழகாகத் திறந்து, அந்தக் கண் மட்டும் சோம்பிப்போய் நிற்கும். பொறுத்திருந்ததன் விலை அப்போதுதான் தெரியும்.

தாடி வளரும் இடத்தில், அதாவது தாடை, மோவாய், கழுத்தின் முன்பக்கத்தில், படர்ந்திருந்தால் மூச்சுக்குழாயிலும் ஒன்று ஒளிந்திருக்கலாம். மூச்சில் கரகரவென்ற சத்தமோ, நாய் குரைப்பதுபோன்ற இருமலோ வந்தால் சளி என்று நினைத்துவிடக் கூடாது. முகத்தின் ஒரு பகுதி முழுவதையும் பட்டையாகப் பிடித்த பெரிய கட்டி என்றால் மருந்துக்கு முன்பே தலை, கழுத்து ஸ்கேனும் இதயப் பரிசோதனையும் வேண்டும். சில குழந்தைகளுக்கு மூளைக்குப் போகும் தமனிகளிலும் கோளாறு இருக்கும், ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தை அங்கே கண்மூடித்தனமாகக் கொடுக்க முடியாது. இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில் பெரிதாக இருந்தால் தண்டுவடத்தைப் பார்க்க வேண்டும்.

உடம்பில் ஐந்தோ அதற்கு மேலோ சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தால் கல்லீரலுக்கு அல்ட்ராசவுண்டு. கல்லீரலில் நிறைய இருந்தால் அந்தச் செல்கள் தைராய்டு ஹார்மோனைச் சிதைக்கும் நொதியை உண்டாக்குகின்றன. தைராய்டு சுரப்பி நன்றாக வேலை செய்தும் குழந்தைக்கு ஹார்மோன் பற்றாமல் போகும். ஒரு தோல் மச்சத்திலிருந்து மூளை வளர்ச்சி வரை நூல் போகிறது.

இதில் எதுவும் இல்லாமல் கன்னத்தின் நடுவில் ஒன்று இருந்தால்? அங்கேதான் உண்மையிலேயே இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து இல்லை, ஆனால் தடம் மிஞ்சலாம். மருந்துக்கும் அபாயம் உண்டு, சிறியதானாலும். நான் என்றால் கட்டி மேடாக, விளிம்பு செங்குத்தாக இருந்தால் மருந்து பக்கமும், தட்டையாக இருந்தால் பொறுத்திருக்கும் பக்கமும் சாய்வேன். செங்குத்து விளிம்புள்ளவை அதிகம் தடம் விட்டுப் போகின்றன. எதுவானாலும் முடிவு இரண்டு மாதத்துக்குள் எடுக்கப்பட வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், ஆபத்தான இடத்துக் கட்டிகளை ஒரு மாத வயதிலேயே நிபுணரிடம் காட்டச் சொல்கிறது.

அக்கா வீட்டில் ஒன்பதாம் வாரத்தில் புரோப்ரனோலால் தொடங்கினார்கள். முதல் நாள் மருத்துவமனையில், மணிக்கொரு தரம் துடிப்பு எண்ணிக்கொண்டு. மூன்றாம் நாள் இமை மேடு மங்கியது, ஒரு மாதத்தில் கண் முழுசாகத் திறந்தது. கண் டாக்டர் வளைவைச் சோதித்து, சிறிது காலம் நல்ல கண்ணை ஒட்டி மறைத்துவைத்துப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். இரவில் இரண்டு தடவை அலறி எழுந்த மாதம் ஒன்றும், சளி பிடித்து நான்கு நாள் மருந்து நிறுத்திய வாரம் ஒன்றும் இடையில் வந்து போயின. பதினான்காம் மாதத்தில் நிறுத்தினார்கள்.

முதுகில் இருந்ததற்காக யாரும் மருந்து கொடுக்கவில்லை. ஆனால் ரத்தத்தில் போன மருந்துக்கு இடம் தெரியுமா, அதுவும் சேர்ந்தே சுருங்கியது. இப்போது மூன்று வயது. இமையில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. முதுகில் மட்டும் விரலால் தொட்டால் பஞ்சுபோல ஒரு மெத்து, அதன்மேல் இரண்டு மூன்று சிவப்புக் கோடுகள். லேசர் வைக்கலாமா என்று மாமா போன வாரம் கேட்டார். அக்கா சொன்னாள், அது அவ முதுகு, அவ பெரியவளாகிக் கேட்டா வச்சுக்கலாம்.